மலை ஏறிய மீன் வண்டி

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத உட்கார்ந்தால் சொல்ல வந்தது ஒன்று, எழுதி முடித்தது ஒன்று என்று ஆகிவிடும். மறதியும் சேர்ந்துகொண்டது. நேற்று வைத்த மூக்குக்கண்ணாடியை இன்றைக்குத் தேடுகிறவள் பல வருஷத்துக்கு முந்தைய கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். எங்கள் தெரு வாசகசாலைப் பெண்கள் ஒரு மலர் போடுகிறார்கள். வயசானவர்கள் ஆளுக்கொரு பயணம் எழுதித் தாருங்கள் என்றார்கள். மற்றவர்கள் காசி, ராமேஸ்வரம் என்று முந்திக்கொண்டார்கள். எனக்கு மிச்சம் இருந்தது ஏற்காடு ஒன்றுதான். அதையும் வெட்கப்பட்டுக்கொண்டேதான் எழுதுகிறேன். வெட்கம் எதற்கு என்பது போகப்போகத் தெரியும்.

நான் புதுச்சேரியில் நெல்லித்தோப்பில் பிறந்து நெல்லித்தோப்பிலேயே வாழ்க்கைப்பட்டவள். எங்கள் ஊரில் மேடு என்றால் கோரிமேடு. சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் அதுதான் எங்களுக்கு மலையேற்றம். தலை நரைக்கிற வரைக்கும் நான் மலை ஏறியதில்லை. பயத்தால் இல்லை, ஆசை இல்லாமலும் இல்லை. வழியில் பொம்பளைக்கு ஒதுங்க இடம் கிடையாது, அவ்வளவுதான் காரணம்.

கல்யாணமான புதிதில் சமயபுரத்துக்குப் பஸ்ஸில் போனோம். நடுவழியில் ஒரு புளியமரச் சாலையில் பஸ்ஸை நிறுத்தினார்கள். ஆம்பளைகள் திமுதிமுவென இறங்கி மரத்துக்கு ஒருவராக நின்றுவிட்டு, பீடி பற்றவைத்துக்கொண்டு சாவகாசமாக வந்து ஏறினார்கள். பொம்பளைகள் எல்லோரும் சீட்டிலேயே உட்கார்ந்து ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் இருந்தோம். அன்று நான் பட்ட பாட்டை எழுதமாட்டேன். அம்மனைப் பார்த்தது இன்றைக்கு ஞாபகமில்லை. பஸ் நின்ற இடமெல்லாம் ஞாபகமிருக்கிறது.

அதற்குப் பிறகு யார் எங்கே கூப்பிட்டாலும் எனக்கு முழங்கால் வலி வந்துவிடும். பிள்ளைகள் ஊட்டிக்குப் போன வருஷமும் வலி, கொடைக்கானல் போன வருஷமும் வலி. போகாமல் முடியாது என்கிற கல்யாணம், சாவு என்றால் முந்தின நாளே தண்ணீரை நிறுத்திவிடுவேன். உதடு வெடித்து, தலைவலியோடு போய்த் தலைவலியோடு திரும்புவேன். வீட்டுக்காரருக்குக்கூட இது தெரியாது. அவர் நிஜமாகவே முழங்காலுக்குத் தைலம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

தெரிந்த ஒரே ஆள் என் தம்பி. சமயபுரம் போன பஸ்ஸில் அவன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஏன் அக்கா அழுவற என்று ஒரு தடவை கேட்டான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்புறம் அவனாகவே புரிந்துகொண்டானோ என்னவோ, கண்டக்டரிடம் போய் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கேட்டான். இப்பதானே நிறுத்தினோம் என்று அவர் அதட்டி உட்காரவைத்துவிட்டார். இதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியது கிடையாது. எங்கள் குடும்பமே அப்படி. கூச்சத்தில் எனக்கு அவன் அண்ணன்.

அவன் பெண் எடுத்தது பிரான்சு குடியுரிமை உள்ள சொல்தா குடும்பத்தில். மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்த வழியில் அவனும் பிரான்சுக்குப் போய், அங்கே டவுன் பஸ் ஓட்டி, ஓய்வு பெற்றான். வருஷா வருஷம் பொங்கல் கழித்து வக்கான்ஸுக்கு, அதாவது லீவுக்கு, வந்து இரண்டு மாதம் எங்களோடு இருப்பான். நான் சொல்லப்போகிற வருஷம் அவன் மனைவி பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அங்கேயே தங்கிவிட்டாள். தம்பி மட்டும் ஒரு பெரிய திட்டத்தோடு வந்து இறங்கினான்.

பிரான்சில் கேம்பிங் கார் என்று ஒன்று இருக்கிறதாம். வேனுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்குமாம். புருஷனும் பெண்டாட்டியும் அதை எடுத்துக்கொண்டு மலைமலையாகச் சுற்றுவார்களாம். பொழுது சாய்ந்தால் நல்ல இடமாகப் பார்த்து ஓரங்கட்டித் தூங்கிவிடுவார்களாம். அப்படி ஒன்றை இங்கேயே செய்து நாம் மூன்று பேரும் ஏற்காடு போகலாம் என்றான். என் வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்த்து ஓய்ந்தவர். மில் சங்கு நின்ற பிறகு அவருக்கு இருந்த ஒரே வேலை அடுத்தவன் செய்வதில் குறை சொல்வது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வீடு இருக்கறவன் எதுக்கு மச்சான் ரோட்டுல படுக்கறான்?" என்றார்.

 தம்பி போய் ஒரு வேனை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். உள்ளே நிமிர்ந்து நிற்கிற மாதிரி உயரமான வண்டி வேண்டும் என்று தேடியிருக்கிறான். அப்படிக் கிடைத்தது தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏற்றிக்கொண்டிருந்த வண்டிதான். வண்டி வந்து நின்ற கொஞ்ச நேரத்தில் தெருவில் இருந்த பூனைகள் எல்லாம் வந்து சுற்றி உட்கார்ந்துவிட்டன. வில்லியனூர் ரோட்டில் ஒரு பட்டறையில் விட்டுப் பலகை அடித்துக் கட்டில் போட்டார்கள். ஒரு மூலையில் அடுப்பும், அதற்கு மேலே என் மாரியம்மன் படமும் வைத்தோம். என் பழைய புடவைகளை வெட்டித் திரை தைத்தேன். சீயக்காய், எலுமிச்சை, சாம்பிராணி என்று பார்க்காத வைத்தியம் இல்லை. காலையில் வண்டி கோயில் மாதிரி மணக்கும். வெயில் ஏற ஏற மறுபடியும் வஞ்சிரம் வந்துவிடும்.

போகமாட்டேன் என்றுதான் நான் சொன்னேன். முழங்கால் வலி என்றேன். அவன் என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு, வந்து பாரேன் அக்கா, இந்த வண்டியில வலிக்காது என்றான். வயசான தம்பி கெஞ்சுகிறானே என்று ஒத்துக்கொண்டேன். ஆனால் மனசுக்குள் ஒரு கணக்கு இருந்தது. எந்த இடத்தில் முடியாமல் போகிறதோ அந்த இடத்தில் இறங்கிப் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவது.

புறப்படுவதற்கு முதல் நாள் அவன் பிரான்சிலிருந்து கொண்டுவந்த சாமான் ஒன்றை வண்டிக்குள் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில் மோடா மாதிரி உயரம். மேலே மெத்தென்று ஒரு வளையம், அதன் மேல் காற்றுப் புகாத மூடி. உள்ளே கைப்பிடி போட்ட ஒரு வாளி. கூடவே நீல நிறத்தில் ஒரு பாட்டில் மருந்து. அது என்ன என்று உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அது வண்டிக்குள்ளேயே ஒதுங்குவதற்கு வெள்ளைக்காரர்கள் வைத்துக்கொள்கிற சாமான். எனக்காகவே அவன் சுமந்துகொண்டு வந்தது. அன்றைக்கு எனக்கு அது தெரியாது. அக்காவிடம் போய் இது இன்னதுக்கு என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. புத்தம் புதுசு, பளபளவென்று இருந்தது. மூடியை அமுக்கினால் டப்பென்று இறுகிக்கொண்டது. வெள்ளைக்காரன் கெட்டிக்காரன்தான், உட்காரவும் ஆச்சு, நமுத்துப்போகாமல் பலகாரம் வைக்கவும் ஆச்சு என்று நினைத்தேன். வாளியைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, அதுநிறைய முறுக்கு அடுக்கி மூடினேன்.

மறுநாள் காலையில் கிளம்பினோம். பூனைகள் தெருமுனை வரைக்கும் வந்து வழியனுப்பின. எல்லைச் சாவடியில் போலீஸ்காரர் கை காட்டினார். எங்கள் ஊர் நம்பர் பலகை போட்ட வண்டி தமிழ்நாட்டுக்குள் போனால் பாட்டில் கடத்துகிறார்களா என்று பார்ப்பது வழக்கம்தான். திரை போட்ட வேன் என்றால் கேட்கவே வேண்டாம். உள்ளே ஏறியவர் நேராக நீலப் பாட்டிலைத்தான் எடுத்தார். இது என்ன சரக்கு என்றார். தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தான். சுத்தம் பண்ணுற மருந்து சார் என்று வாய்க்குள்ளேயே சொன்னான். எதைச் சுத்தம் பண்ண என்று அவர் கேட்டார். தம்பிக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. அதைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் கூடிவிட்டது. பாட்டிலைத் திறந்து முகர்ந்து மூன்று தும்மல் போட்டார். அப்புறம் அந்த மோடாவைத் திறக்கச் சொன்னார்.

நான்தான் திறந்தேன். உள்ளே முறுக்கு. தம்பியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கடத்தல்காரன் பிடிபட்டால்கூட அப்படி வெளுக்கமாட்டான். போலீஸ்காரர் அடியில் பாட்டில் இருக்கிறதா என்று வாளியைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. வயசான அம்மா எடுத்துக்குங்க என்று நீட்டுகிறாளே என்று ஒரு முறுக்கு எடுத்துக் கடித்தார். நல்லா இருக்கும்மா, வெண்ணெய் போட்டீங்களா என்று கேட்டு இன்னும் ஒன்று எடுத்துக்கொண்டார். தம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

அங்கிருந்து அவன் ஒரு முறுக்கைக்கூடத் தொடவில்லை. சின்ன வயசில் என் முறுக்குக்காக அழுது புரண்டவன். வயித்துக்கு ஆவல அக்கா என்றான். எனக்குச் சுருக்கென்றது. பிரான்சுக்குப் போனதும் நாக்கு மாறிப்போச்சு என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்காரருக்கு அந்தக் கவலையே கிடையாது. விழுப்புரம் தாண்டுவதற்குள் மேல் அடுக்கு காலி.

உளுந்தூர்ப்பேட்டைக்கு அந்தப் பக்கம் வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தினான். திரையை எல்லாம் இழுத்துவிட்டான். வாங்க மாமா, காலாற நடந்துட்டு வரலாம் என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனான். போனவர்கள் வெகுநேரம் வரவில்லை. பட்டப்பகலில் என்னை இருட்டு வண்டிக்குள் உட்காரவைத்துவிட்டுப் போகிறானே, இவனுக்கு என்ன வந்தது என்று நான் வெந்துகொண்டே முறுக்குத் தின்றேன். திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தான். மோடாவைப் பார்த்தான். பெருமூச்சு விட்டு வண்டியை எடுத்தான்.

கள்ளக்குறிச்சி தாண்டி மறுபடியும் அதே கூத்து. இந்தத் தடவை மோடாவை மூலையிலிருந்து இழுத்து வண்டிக்கு நடுவில் வைத்தான். அதன் மேல் நீலப் பாட்டில், பக்கத்தில் ஒரு சோப்பு, மடித்த துண்டு. படையல் போட்ட மாதிரி வைத்துவிட்டு நடக்கப் போய்விட்டான். தனியாக விட்டால் நானாகக் கண்டுபிடித்துவிடுவேன் என்று பாவம் நம்பியிருக்கிறான். நான் என்ன செய்தேன்? ஆம்பளைக்கு ஒரு சாமானை இடம் பார்த்து வைக்கத் தெரியாதே என்று முணுமுணுத்துக்கொண்டு மோடாவை மூலைக்குத் தள்ளினேன். சோப்பைச் சோப்பு டப்பாவில் போட்டேன்.

அன்று ராத்தங்கல் ஆத்தூர்ப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க்கில். லாரிகள் நிற்கிற இடத்தில் ஓரமாக நிறுத்திக்கொள்ளச் சொன்னார்கள். நான் ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். ஒருவர் வந்து கதவைத் தட்டினார். நம்பர் பலகையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். கால் பாட்டிலாவது இருக்குமா என்று பணிவாகக் கேட்டார். இல்லை என்று அனுப்பினால் அடுத்தவர் வந்தார். இருட்டுவதற்குள் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. "புதுச்சேரிக்காரன்னா மடியில பாட்டில கட்டிக்கினே திரிவான்னு நெனப்பு. இன்னொருத்தன் வந்தா இந்த ரசத்த ஊத்திக் குடுத்துடுவேன்" என்றார். தம்பி ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தான்.

பங்க்குக்குப் பின்னால் ஒரு பாத்ரூம் இருந்தது. கதவு இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. விடியற்காலையில் வீட்டுக்காரரை வெளியே காவலுக்கு நிறுத்தினேன். ஆள் இருக்கிறது என்று காட்ட இருமுங்கள் என்று சொல்லியிருந்தேன். அவர் இருமிய இருமலில் பங்க்குக்காரர் சுக்குக் கஷாயம் கொண்டுவந்து நீட்டினார். என் பாடு அன்றைக்கு அரையும் குறையுமாகத்தான் முடிந்தது. இனி ஏற்காடு போய்ச் சேரும் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது என்று வைத்துக்கொண்டேன். ஆனால் தம்பி பங்க்கில் வாங்கிவந்த டீயை மட்டும் மறுக்க முடியவில்லை. முறுக்கை அவன் வேண்டாம் என்றது எனக்கு எப்படி இருந்ததோ அப்படித்தானே டீயை நான் வேண்டாம் என்றால் அவனுக்கு இருக்கும் என்று குடித்துவிட்டேன்.

அந்த டீதான் வினை. சேலம் தாண்டி மலைப்பாதை ஏற ஆரம்பித்தோம். ஒவ்வொரு வளைவிலும் நம்பர் எழுதியிருந்தது. வளைவு திரும்பும்போது தட்டு ஒரு பக்கம் ஓடும், நான் ஒரு பக்கம் சாய்வேன், வீட்டுக்காரர் முருகா என்பார். மேலே போகப்போகக் குளிர் காற்று. குளிர் வந்தால் இந்தத் தொல்லை இரட்டிப்பு ஆகும் என்பது பொம்பளைகளுக்குத் தெரியும். பாதி மலையில் ஒரு வளைவில் எங்களுக்கு முன்னால் கட்டை ஏற்றிய லாரி ஒன்று அச்சு முறிந்து நின்றுவிட்டது. முன்னால் வண்டிகள், பின்னால் ஒரு பஸ். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். பஸ்ஸிலிருந்து எல்லோரும் இறங்கி ரோட்டில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். எப்போது கிளியர் ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைசியில் சொல்லிவிட்டேன்.

"தம்பி, வண்டியத் திருப்புடா. என்னைக் கீழ எறக்கி பஸ் ஏத்தி வுட்டுடு. நீயும் மாமாவும் போய்ட்டு வாங்க. என்னால முடியாது."

இங்கே எங்கே திருப்புவது, கீழே பள்ளத்தைப் பார்த்தாயா என்று வீட்டுக்காரர் ஆரம்பித்தார். அவர் கையில் ஒரு முறுக்கு, பாதி வாய்க்குள்.  தம்பி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, என்னைத் திரும்பிப் பார்க்காமல், கண்ணாடிக்கு வெளியே நின்ற லாரியிடம் சொல்கிற மாதிரி பேசினான்.

"அக்கா, அது முறுக்கு வெக்க வாங்குனது இல்ல. ஒனக்கு வாங்குனது. வாளியில அந்த நீல மருந்த ஊத்திட்டு ஒக்காந்துக்கலாம். வாடை வராது. திரைய இழுத்துவுட்டா யாருக்கும் தெரியாது. அதுக்குத்தான் இந்த வண்டியே."

 எனக்கு அவனைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. சமயபுரம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் இத்தனை வருஷம் இதை மனசில் வைத்திருந்திருக்கிறான். வீட்டுக்காரர்தான் முதலில் வாய் திறந்தார்.

"புதுசுதான மச்சான்?"

"புதுசுதான் மாமா. மொத மொத அதுல வெச்சதே ஒங்க முறுக்குதான்."

"அப்ப சரி" என்று மிச்சத்தையும் வாயில் போட்டுக்கொண்டார்.

எனக்கு இன்னொரு தயக்கம் இருந்தது. அடுப்பு இருக்கிற இடம். அதற்கு மேலே மாரியம்மன் வேறு பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் எதிரில் எப்படி என்றேன். வீட்டுக்காரர் படத்தைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார். வாளியில் இருந்த முறுக்கை எல்லாம் தன் துண்டில் கொட்டி மூட்டையாக ஏந்திக்கொண்டு இறங்கினார். தம்பி அடுப்பின் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடிவிட்டு இறங்கிக் கதவைச் சாத்தினான். இரண்டு பேரும் வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காவலுக்கு நின்றார்கள்.

உள்ளே நடந்ததை எழுதமாட்டேன். வெளியே நடந்ததை எழுதுகிறேன். ஒரு கிழவர் சாமி படமும் கையில் பலகாரமுமாக நடுமலையில் நிற்பதைப் பார்த்ததும் பஸ்ஸில் வந்தவர்கள் பிரசாதம் என்று நினைத்துவிட்டார்கள். ஒரு அம்மா வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டு கை நீட்டினார். இவர் இல்லையென்று சொல்லத் தெரியாமல் ஒரு முறுக்குக் கொடுத்தார். அதற்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது. வரிசையைப் பார்த்துக் குரங்குகள் வந்தன. ஒன்று துண்டின் நுனியைப் பிடித்து இழுக்கிறது, ஒன்று வண்டி மேல் ஏறி நின்று மேலிருந்து பறிக்கிறது. இவர் மாரியம்மனைக் கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் சுற்றுகிறார். ரோட்டில் இருந்த அத்தனை கண்ணும் அவர் மேல்தான். புடவைத் திரை போட்ட வேனை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அவர் எனக்குச் செய்த உபகாரங்களில் இதற்கு ஈடு கிடையாது.

எல்லாம் முடிந்து கையைக் கழுவிக்கொண்டு பள்ளத்துப் பக்கத் திரையைக் கொஞ்சம் விலக்கினேன். எதிரே மலை. அதற்குப் பின்னால் இன்னொரு மலை, அதற்குப் பின்னால் நீலமாக இன்னொன்று. அடியில் சேலம் ஊர் கோலமாவு சிந்தின மாதிரி கிடந்தது. அதுவரை நான் மலையையே பார்க்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் மறைவு இருக்கிறதா, புதர் இருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன். அப்போதுதான் மலை மலையாகத் தெரிந்தது.

லாரியை ஒதுக்கி வழி விட்டபோது துண்டில் ஒரு முறுக்கும் இல்லை. வீட்டுக்காரரின் சட்டைப் பித்தான் ஒன்றும் போயிருந்தது. மேலே போய்ச் சேர்ந்ததும் ராத்தங்க இடம் தேடினோம். பள்ளத்தாக்கு தெரிகிற ஒரு முனையில் நிறுத்தினான் தம்பி. சாயந்தரம் ஆனால் காட்டெருமை வரும், எடுங்கள் என்று காவலர் வந்து சொன்னார். ஏரிக்கரையில் நிறுத்தினால் கடைக்காரர்கள் தங்கள் இடம் என்றார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் நிறுத்தினோம். பிள்ளைகள் ஜன்னலுக்கு ஜன்னல் முகத்தை வைத்துக்கொண்டு சர்க்கஸ் எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டார்கள். முந்தின நாளாக இருந்தால் நான் அழுதிருப்பேன். இப்போது எனக்கு எங்கே நிறுத்தினாலும் ஒன்றுதான். நல்ல காட்சியா இருக்கற எடமாப் பாருடா என்று பின்னாலிருந்து அதிகாரம் பண்ணிக்கொண்டு வந்தேன்.

பொழுது இறங்குகிற நேரத்தில் ஒரு காப்பித் தோட்டத்து வாசலில் நின்றோம். உள்ளே காப்பிக்கொட்டை காயவைக்கிற களம் தெரிந்தது. காவல்காரர் முடியாது என்று தலையாட்டினார். முதலாளி இல்லை, தெரியாத வண்டியை விடமாட்டேன் என்றார். அவர் மனைவி கொட்டையை வாரிக் குவித்துக்கொண்டிருந்தவள், கையை உதறிக்கொண்டு வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். மூக்கை உறிஞ்சினாள். நாளெல்லாம் வெயிலில் வந்த வண்டி, கேட்கவா வேண்டும்.

"கருவாடு வெச்சிருக்கீங்களாங்க?" என்றாள்.

வண்டி வாசனை வேறு, ஆனால் நெத்திலியும் வாளையும் ஒரு பொட்டலம் நிஜமாகவே என்னிடம் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். இந்த மலையில் சந்தைக்கு வருவது எல்லாம் பழசு, இது கடல் ஓரத்துச் சரக்கு என்று புருஷனிடம் காட்டினாள். அவர் போய்க் கேட்டைத் திறந்தார். காயப்போட்ட கொட்டை மேல் சக்கரம் ஏறக்கூடாது, காலையில் வெயில் வருவதற்குள் களத்தை விட்டு எடுத்துவிட வேண்டும், இவ்வளவுதான் நிபந்தனை. அன்று சாயந்தரம் அவள் கொடுத்த காப்பியை நான் இரண்டு டம்ளர் குடித்தேன். இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா என்றாள். ஊத்துங்க என்றேன். வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். உன் முழங்கால் வலி இதுதானா என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இத்தனை வருஷத்துத் தைலம் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் என் மனசை அரித்துக்கொண்டிருந்தது. வாளியை யார் கொண்டுபோய்க் கொட்டுவது? தம்பி தொடக்கூடாது. அவன் எழுந்திருப்பதற்கு முன்னால் நானே முடித்துவிட வேண்டும் என்று வெள்ளி முளைக்கிற நேரத்தில் எழுந்தேன். பனி இறங்கிக் களமே தெரியவில்லை. சத்தம் போடாமல் வாளியின் கைப்பிடியைப் பிடித்தேன். அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு கையும் அதையே பிடித்தது. அவனும் அதே யோசனையோடு எனக்கு முன்னால் எழுந்து, ஒரு துண்டைப் போட்டு மூடி, தூக்கத் தயாராக இருந்திருக்கிறான்.

"விடு அக்கா."

"நீ விடுடா. இதெல்லாம் நீ செய்யக் கூடாது."

"எனக்கு நீ செய்யலியா?"

"அப்ப நீ கொழந்தடா."

"இப்ப நீ கெழவி" என்றான்.

இழுத்த இழுப்பில் கொஞ்சம் தளும்பிவிட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை எடுத்தோம், ஒரே நேரத்தில் மறுபடியும் பிடித்தோம். கட்டிலில் படுத்திருந்த வீட்டுக்காரர் கண்ணைத் திறக்காமலேயே, கொண்டு போறதானா ரெண்டு பேரும் சேந்து கொண்டு போங்க, எம் மேல ஊத்திடாதீங்க என்றார். அப்படியே ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லைன் வீடுகளுக்குப் பின்னால் இருந்த கக்கூஸ் வரைக்கும் பனியில் நடந்தோம். சின்ன வயசில் தெருக் குழாயிலிருந்து அண்டாவை இப்படித்தான் தூக்கி வருவோம். வழியில் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். முதல் நாளே சொல்லியிருந்தால் என்னடா என்றேன். எப்படி அக்கா சொல்றது என்றான். 

அதற்கு அடுத்த வருஷங்களில் கொல்லிமலை, ஏலகிரி, கொடைக்கானல் எல்லாம் அந்த மீன் வண்டியிலேயே போய்வந்தோம். எனக்கு முழங்கால் வலி வரவேயில்லை.

இதைப் படிக்கிறவர்கள் எனக்கு ஒரு உதவி செய்ய வேண்டும். லாரி நின்ற வளைவுக்கு என்ன நம்பர் என்று எனக்குத் தெரியவில்லை. வளைவு மொத்தம் இருபது என்றுதான் ஞாபகம், அதுவும் சந்தேகம். வேப்பமர நிழலில் நின்றது உளுந்தூர்ப்பேட்டைக்கு முன்னாலா பின்னாலா என்பதிலும் குழப்பம் இருக்கிறது. வீட்டுக்காரரைக் கேட்டால் குரங்குகளின் எண்ணிக்கையை வருஷத்துக்கு வருஷம் கூட்டிக்கொண்டே போகிறார். எல்லாம் சரியாகத் தெரிந்தவன் தம்பி ஒருத்தன்தான். அவன் பொங்கல் கழித்து வருவான். வாசகசாலைப் பெண்களில் யாராவது ஒருத்தி அவனைப் பார்த்து ஊர், வழி, வளைவு எல்லாம் சரிதானா என்று கேட்டுத் திருத்திவிடுங்கள். நான் கேட்கமாட்டேன். கேட்டால் எதற்கு அக்கா என்பான், இதை எழுதினேன் என்று நான் சொல்ல வேண்டிவரும்.